கணிச்சமும் காளானும்

குமரி மாவட்டத்தில் ஊரம்புக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. ஜிபிஎஸ், ஆழம் பார்க்கிற எக்கோ, வயர்லெஸ், பக்கத்துக் கப்பல்களைக் காட்டுகிற ஏஐஎஸ் என்று படகில் ஏறுகிற பெட்டிகள் எல்லாவற்றையும் பழுதுபார்க்கிறேன். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை தொடங்கி தூத்தூர், இரையுமன்துறை வரைக்கும் உள்ளவர்கள் வருவார்கள். கேரள எல்லை தாண்டி பொழியூர், பூவார், விழிஞ்ஞம் ஆட்களும் வருவார்கள். தமிழில் ஆரம்பித்த பேச்சு மலையாளத்தில் முடிவது இங்கே சாதாரணம்.

வருகிற ஜிபிஎஸ் செட்டுகளில் பலவற்றுக்குப் பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. காளான் என்று எல்லோரும் சொல்கிற வெள்ளை ஆன்டெனா படகின் கூரையில் நிற்கும் இல்லையா, அதன் கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கறுத்துப்போன கம்பியை வெட்டி, செம்பு மின்னுகிற இடம் வரை போய், புதுக் கனெக்டர் போட்டு ரப்பர் டேப் சுற்றிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறும். இது கைப்பழக்கத்தில் ஓடுகிற வேலை. மனசு பதைக்கிற வேலை ஒன்று உண்டு. மார்க் போகப்போகிற செட்.

கடல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கு அடியில் பாறை மேடுகள் உண்டு, பாரு என்போம். மீன் அடைவது அங்கேதான். ஒரு பாருக்கு மேலே நிற்கும்போது செட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடம் பதிவாகும். அதுதான் மார்க். ஒரு சிராங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவர், ஆயுசு முழுக்கச் சேர்த்த மார்க்குகள் அவருடைய சொத்து. தம்பிக்குக்கூடச் சொல்லாத மார்க்குகள் உண்டு. பழைய செட்டுகளில் இந்தப் பதிவெல்லாம் உள்ளே இருக்கிற ஒரு சின்ன லித்தியம் பேட்டரியை நம்பி நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் அத்தனையும் போய்விடும்.

அப்படி ஒரு செட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன் போகிறான்.

"மக்களே, செட்டு போனா போட்டு. இதுல கெடக்கது எனக்க முப்பது வருஷத்துக் கடலு. அத மட்டும் எடுத்துத் தா."

திரை பாதி செத்திருந்தது. வெளியிலிருந்து மின்சாரம் அறாமல் கொடுத்துக்கொண்டே பேட்டரியை மாற்றினேன். பிறகு ஒவ்வொரு மார்க்காகத் திரையில் வரவழைத்து நான் வாசிக்க, என் மகள் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதினாள். டிகிரி, நிமிடம், நிமிடத்துக்குப் பிறகு மூன்று தசம இலக்கம். ஒரு நிமிடம் அட்சரேகை என்பது 1,852 மீட்டர், அதாவது ஒரு கடல்மைல். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே கடலில் ஏறக்குறைய 2 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

நான் எண்ணை வாசித்து முடிக்கும் முன்னே அவர் கண்ணை மூடிக்கொண்டு கணிச்சம், அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் பிடிக்கிற குறிப்பு, சொல்லத் தொடங்கினார். "அதா, அது கோயிலுக்க தெக்கு கோபுரம் மலைக்க இறக்கத்துல சேரணும். வடக்க பாத்தா விழிஞ்ஞம் லைட்டவுசு முனையிலேருந்து ஒரு விரக்கட விட்டு நிக்கணும். இருவத்தெட்டு பாகம் தண்ணி." பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆழத்துக்கு எங்கள் அளவு. அடுத்த எண். அதற்கும் கணிச்சம். சில எண்களுக்கு அவர் சும்மா இருந்தார். அவை ஆழ்கடல் மார்க்குகள், கரை தெரியாத இடம். மகளுக்கு என்ன தோன்றியதோ, எண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டே போனாள். நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். யாருடைய மார்க்கையும் நான் பிரதி எடுத்து வைப்பதில்லை. இந்தத் தொழிலில் அது தப்பினால் எல்லாம் தப்பும்.

அந்த நோட்டில் அருகருகே இருந்த இரண்டு கணக்கையும் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஒன்று தரையை நம்புவது, ஒன்று வானத்தை நம்புவது. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. 'ஜிபிஎஸ் வந்த பிறகு எதுக்கு இதெல்லாம்' என்று கேட்கிற இளவட்டங்களுக்கு முன்னால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

கணிச்சத்தின் கணக்கு இது. கரையில் கிட்ட ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு அடையாளம். கோபுரமும் மலையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் ஒரு நேர்கோட்டில் நிற்கிறீர்கள். அந்தக் கோட்டில் எந்த இடம் என்று அறிய இன்னொரு திசையில் இன்னொரு சோடி வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பாரு. எங்கள் கரைக்கு இதற்கென்றே அமைந்த மாதிரி மலைகள். வடக்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை, கிழக்கே மகேந்திரகிரி, தெற்கே போனால் மருந்துவாழ் மலை. இந்தக் கரையோரத்தில் ஊருக்கு ஒரு கோயில் கோபுரம், தேவாலயத்தைத்தான் இங்கே கோயில் என்போம். விழிஞ்ஞத்திலும் முட்டத்திலும் கலங்கரை விளக்கம்.

என் பெரியப்பா இதில் கெட்டிக்காரர். இரண்டு கோடும் குறுக்காக வெட்டுகிற சோடியைத்தான் தேர்ந்தெடுப்பார். அடுத்தடுத்துள்ள இரண்டு மலையை வைத்துக் கணிச்சம் பிடிக்கிறவனைத் திட்டுவார். கோணம் சிறுத்தால் கோடுகள் நீளமாக உரசிக்கொண்டு போகும், இடம் நிற்காது. செயற்கைக்கோளுக்கும் இதே விதிதான். வானத்தில் நாலாபக்கமும் பரந்து நின்றால் இடம் துல்லியமாக வரும். எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கினால் செட் எத்தனை செயற்கைக்கோளைக் காட்டினாலும் பிழை பெருகும். செட்டில் டிஓபி என்று ஓர் எண் வருமே, அது இந்தப் பரப்பின் அளவுதான். அந்த எண் ஏறினால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். பெரியப்பாவுக்கு டிஓபி தெரியாது. ஆனால் அதைத்தான் பார்த்தார்.

தூரமும் அவருக்குக் கண்ணளவில் வரும். 30 மீட்டர் கோபுரம், வள்ளத்தில் நிற்கிறவனுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் கடலுக்குள் முங்கிவிடும். தென்னை அதற்கு முன்பே முங்கும். அகத்தியர் மலை, வானம் தெளிந்த நாளில், 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் தலைகாட்டும். பூமியின் வளைவு செய்கிற வேலை. எது முங்கியது, எது நிற்கிறது என்று பார்த்தே கரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார்கள். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி எத்தனை பாகம் என்று பார்த்தால் அதுவும் சரிபார்ப்பு. ஒன்றைக்கொண்டு இன்னொன்றைச் சோதிக்கும் பழக்கம் அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது.

இதை ஏதோ படிக்காதவர்களின் கைவைத்தியம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1802இல் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நில அளவை, முக்கோணம் முக்கோணமாகக் கன்னியாகுமரி வரைக்கும் வந்ததும் இதே வடிவியலில்தான். சமவெளியில் மலை கிடைக்காத இடத்தில் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். அவர்கள் தரையில் நின்று தரையை அளந்தார்கள். எங்கள் ஆட்கள் ஆடுகிற கட்டுமரத்தில் நின்று, தாளும் கருவியும் இல்லாமல் அளந்தார்கள்.

தரை நிலையங்களை நம்பி ரேடியோவில் இடம் கண்டுபிடிக்கிற கருவியை நான் முதலில் தொட்டது சவூதியில். 1990களில் தம்மாமில் கப்பல்களுக்கு மின்னணு வேலை செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். அப்போது கப்பல்களில் லொரான்-சி பெட்டிகள் இருந்தன. சவூதியே சொந்தமாக லொரான் நிலையங்களை நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் உருவாக்கிய முறையின் பிந்திய வடிவம் அது. கரையில் உயர்ந்த கோபுரங்கள், நூற்றுக்கணக்கான கிலோவாட் சக்தியில் 100 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்புகளை அனுப்பும். அவ்வளவு தாழ்ந்த அலைவரிசை பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டே போகும். கடலுக்கு மேல் ஆயிரம் கடல்மைல் வரைகூட எட்டும். ஒரு தலைமை நிலையம், இரண்டு மூன்று துணை நிலையங்கள். தலைமை நிலையத்தின் துடிப்புக்கும் துணை நிலையத்தின் துடிப்புக்கும் இடையே எத்தனை மைக்ரோவிநாடி வித்தியாசம் என்று பெட்டி அளக்கும். ஒரு மைக்ரோவிநாடியில் ரேடியோ அலை 300 மீட்டர் ஓடிவிடும். ஒரே வித்தியாசம் வருகிற இடங்களையெல்லாம் இணைத்தால் வளைந்த கோடு ஒன்று கிடைக்கும். இன்னொரு சோடி நிலையத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கப்பல். முதன்முதலில் ஒரு வயதான ரேடியோ ஆபீசர் இதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியபோது, 'இது எங்க ஊர் கணிச்சம் அல்லவா' என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். லொரான் சொல்கிற அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் கடல்மைல் வரை, அதாவது 460 மீட்டர் வரை பிழை இருக்கலாம். அலை நிலத்துக்கு மேல் போகும்போது கொஞ்சம் தாமதிக்கும், அதனால். ஆனால் நேற்று ஓர் இடத்தில் நின்று பெட்டி காட்டிய எண்களைக் குறித்துக்கொண்டு, நாளை அதே எண் வரும் வரை ஓட்டினால் சில பத்து மீட்டருக்குள் அதே இடத்துக்கு வந்துவிடலாம். தாமதம் நேற்றும் அதேதான், நாளையும் அதேதான். அமெரிக்க மீனவர்கள் அந்த மைக்ரோவிநாடி எண்களையே நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார்கள். மீனவனுக்கு வேண்டியது உலக வரைபடத்தில் தன் விலாசம் இல்லை. போன இடத்துக்குத் திரும்பிப் போவது. கணிச்சம் கொடுப்பதும் அதுதான். 2010 பிப்ரவரி 8 அன்று அமெரிக்கா தன் லொரான் நிலையங்களின் ஒலிபரப்பை நிறுத்தத் தொடங்கியது. அந்த நோட்டுகளை எல்லாம் அட்ச, தீர்க்கரேகையாக மாற்ற அங்குள்ளவர்கள் பாடுபட்டார்கள். என் கடையில் மகள் எழுதிய நோட்டின் நிலைமைதான்.

இந்தியாவிலும் லொரான்-சி இருந்தது. மேற்கே தாங்கத்ரா, வேராவல், பில்லிமோரா. கிழக்கே பாலசோர், டயமண்ட் ஹார்பர், பட்புர். நம் தென்முனைப் படகு எதிலும் அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. நாம் கணிச்சத்திலிருந்து நேராக ஜிபிஎஸ்ஸுக்குத் தாவியவர்கள். தாவிய வேகத்தில் பழையதை விட்டுவிட்டோம்.

1990களின் கடைசியில் எங்கள் ஊருக்கு முதல் செட்டுகள் வந்தபோது அமெரிக்கா வேண்டுமென்றே சிவில் சமிக்ஞையைக் கலைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரைகூடப் பிழை வரும். அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியப்பா சொல்வார்: செட் பாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும், அங்கிருந்து தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்று சொல்ல ஆள் வேண்டும். 2000 மே மாதம் அந்தக் கலைப்பை நிறுத்தினார்கள். பிழை பத்து, இருபது மீட்டராகச் சுருங்கியது. அதோடு தலையை நிமிர்த்துகிற பழக்கமும் போய்விட்டது.

ஜிபிஎஸ்ஸை நான் குறைத்துப் பேசமாட்டேன். எனக்குச் சோறு போடுவது அது. பூமிக்கு மேல் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். நாலு செயற்கைக்கோளின் நேரம் கிடைத்தால் இடமும் நேரமும் சேர்ந்து கிடைக்கும். எங்கள் ஆட்கள் சுறா வேட்டைக்கு லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். வாரக்கணக்கில் தங்கு கடல். அங்கே எந்தக் கோபுரம், எந்த மலை? ஆனி, ஆடிக் கச்சானில், அதாவது மேல்காற்றுக் காலத்தில், கரைக்குப் பக்கத்திலேயே மலை மறைந்துவிடும். இருட்டில் கணிச்சம் கிடையாது, கலங்கரை விளக்கம் தெரிந்தாலொழிய. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் அந்தச் சமிக்ஞை எவ்வளவு மெலிந்தது என்பது வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் அனுப்புவது சில பத்து வாட். காளானுக்கு வந்து சேரும்போது ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. திருவிழா மைக்செட்டுக்கு நடுவே கொசுவின் சத்தத்தைப் பிடிக்கிற வேலையை அந்தப் பெட்டி செய்கிறது. பக்கத்தில் எது சத்தம் போட்டாலும் போச்சு. தளத்துக்கு மலிவான எல்இடி விளக்கு வாங்கி மாட்டிவிட்டு, 'ராத்திரியானா செட் செயற்கைக்கோள பிடிக்கமாட்டேங்கு மாமா' என்று வருகிறவர்கள் உண்டு. விளக்கை அணைத்தால் செட் உடனே எழுந்து நிற்கும். விளக்கின் டிரைவர் சர்க்யூட் கக்குகிற இரைச்சல்தான் காரணம். 2001இல் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் செத்துப்போனது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க மாதக்கணக்கு ஆனது. கடைசியில் பார்த்தால், படகுகளில் வைத்திருந்த டிவி ஆன்டெனாவின் பூஸ்டர்கள்! யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. டிவி பார்க்கத்தான் ஆசைப்பட்டார்கள்.

கெட்ட எண்ணத்தோடு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016இல் வடகொரியா ஜிபிஎஸ்ஸை அடைத்தபோது தென்கொரிய மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் தொழிலை விட்டுக் கரைக்குத் திரும்பின. அதற்குப் பிறகு தென்கொரியா இ-லொரான் என்ற புதுப்பித்த தரைவழி முறையில் பணத்தைப் போட்டது. 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்கள் சிலவற்றின் செட், கப்பல் கரைக்குள்ளே விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. அடைப்பதை விடப் போலி மோசம். அடைத்தால் திரை வெறுமையாகிவிடும், உஷாராகலாம். போலிச் சமிக்ஞையில் திரை எப்போதும் போல எண் காட்டிக்கொண்டே இருக்கும். நம் நாட்டுக்குள்ளேயே 2025 நவம்பரில் டெல்லிக்கு இறங்க வந்த சில விமானங்களில் போலி ஜிபிஎஸ் சமிக்ஞை வந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தரைக் கருவிகளை வைத்து இறங்கும் மற்ற ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை. இப்படி ஒரு நாளுக்காகவே தரைவழிக் கருவிகளைக் குறைந்தபட்ச அளவில் நாடு முழுக்கத் தக்கவைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது. வள்ளத்துக்கு என்ன இருக்கிறது?

'நமக்கு நாவிக் இருக்கே' என்பார்கள். ஜிபிஎஸ் மாதிரி இந்தியா சொந்தமாக ஏற்றிய செயற்கைக்கோள் ஏற்பாடு அது. இருக்கிறது. 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோள் போனது; 2016இல் ஏழும் மேலே போய் நாவிக் என்ற பெயரும் வந்தது. ஏற்றிப்போன பிஎஸ்எல்வி ராக்கெட்டின் விகாஸ் எஞ்சின்களைச் சோதிப்பது எங்கள் மகேந்திரகிரியில். பெரியப்பா கணிச்சத்துக்குப் பார்த்த அதே மலை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆனால் நாவிக்கும் வானத்திலிருந்து வருகிற மெலிந்த அலைதான். முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் தோற்றது. 2023இல்தான் உள்நாட்டு அணுக் கடிகாரத்தோடு முதல் செயற்கைக்கோள் போனது. வேறொரு நாட்டின் விருப்பத்தை நம்பி இருக்க வேண்டாம் என்பதற்கு நாவிக் தீர்வு. எல்இடி விளக்குக்கும், வேண்டுமென்றே சமிக்ஞையை அடைக்கிற ஜாமர் கருவிக்கும் அது தீர்வாகாது. ஒரே மாதிரி கெடுகிற இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று துணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணை என்றால் வேறு விதமாகக் கெடுவதாக இருக்கவேண்டும். கச்சானில் மலை மறையும், செட் நிற்கும். செட் பொய் சொல்லும், மலை நிற்கும்.

இங்கே ஒக்கியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2017 நவம்பர் 30. எங்கள் கரையில் அந்தத் தேதியைச் சொன்னால் வீட்டுக்கு வீடு ஒரு முகம் நினைவுக்கு வரும். அன்று கடலில் இருந்த படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. 'இங்கே இருக்கிறோம்' என்று அவர்கள் கரைக்குச் சொல்லவும் வழியில்லை. வயர்லெஸ் இருபது, முப்பது கடல்மைல் தாண்டிப் போகாது. இடம் அறிவதும் இடத்தைச் சொல்வதும் வேறு வேறு வேலை. கடையில் செட் வாங்க வருகிறவர்களில் பலர் ஜிபிஎஸ் இருந்தால் யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று இன்னும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அது சமிக்ஞையை வாங்கும் பெட்டி மட்டும், எதையும் அனுப்பாது. ஒக்கிக்குப் பிறகு வந்த ஜெமினி என்ற செயற்கைக்கோள் வழிக் கருவியும் செய்தியைப் படகுக்குக் கொண்டுவரும், படகிலிருந்து கொண்டுபோகாது. இருபக்கமும் பேசுகிற டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். அதை மாட்டாமல் தங்கு கடலுக்குப் போகாதீர்கள். யார் வந்தாலும் இதை முதலில் சொல்கிறேன்.

தரை அடையாளங்களுக்கும் ஆயுசு உண்டு. எங்கள் கரையை வருஷா வருஷம் கடல் தின்கிறது. அடையாளமாக நின்ற தென்னைகள் வீடுகளோடு போய்விட்டன. பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதுக் கோயில் கட்டும்போது கோபுரம் நகர்கிறது. ஒரு கணக்கு: கரையிலிருந்து 40 கிலோமீட்டர் பின்னால் மலை, 10 கிலோமீட்டர் வெளியே பாரு, நடுவில் கோபுரம். கோபுரம் பக்கவாட்டில் 20 மீட்டர் தள்ளிப்போனால், கோடு பாரில் 25 மீட்டர் தள்ளிப்போகும். சின்னப் பாருக்கு அது போதும், தூண்டில் மணலில் விழும். இடிக்கிறதுக்கு முன்னே பெரியவர்கள் கடலுக்குப் போய்ப் பக்கத்தில் வேறு அடையாளம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். லொரான் கோபுரத்தைப் பராமரிக்க ஒரு துறையே இருந்தது. கணிச்சத்தைப் பராமரித்தவர்கள் இவர்கள்தான். இப்போது விழிஞ்ஞம் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. அவற்றை அடையாளமாகக் கொள்ளலாமா என்று கேட்டால், நகராத கட்டடத்தைப் பார் என்பேன். கிரேன் தண்டவாளத்தில் ஓடும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். 7,500 கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரை உள்ள நாட்டுக்கு, வானத்தை நம்பாத ஒரு ரேடியோ வழி கடலில் இருக்கவேண்டும். மேற்கிலும் கிழக்கிலும் நிலையங்கள் நடத்திய அனுபவம் நமக்கு இருக்கிறது. கலங்கரை விளக்கத் துறையின் நிலங்கள் கரை நெடுக இருக்கின்றன. பணம் ஆகும். வங்கி, மின்சாரம், செல்போன் எல்லாம் ஜிபிஎஸ் நேரத்தை வாங்கித்தான் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் பணம் மீனவனுக்கு மட்டுமான செலவு இல்லை. 2016 ஜனவரி 26 அன்று சில ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வெறும் 13 மைக்ரோவிநாடி தவறான நேரத்தை அனுப்பியதற்கே உலகமெங்கும் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின.

அதுவரைக்கும் நம் கையில் உள்ளதைச் செய்யலாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் தெரிந்த ஒரு கணிச்சத்தில் நின்று செட்டைப் பாருங்கள். உங்கள் மார்க்கோடு பொருந்துகிறதா? அரை நிமிஷ வேலை. பொருந்தாத அன்று செட்டை நம்பி ராத்திரி ஓடாதீர்கள். கரை திரும்பும்போதும் இதையே செய்யுங்கள்.

பள்ளிக்கூடம், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டில் கட்டுமரம் ஓட்டிய பாட்டா இருந்தால், அமைதியான ஒரு காலையில் அவரைப் பக்கத்துப் பாருக்கு வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். மார்கழி, தை நல்லது, மலை தெளிவாகத் தெரியும். அவர் 'இங்கதான்' என்று சொல்லும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி மார்க் அழுத்துங்கள். எத்தனை பாகம் என்று எக்கோவில் பார்த்து எழுதுங்கள். இரண்டு சோடி அடையாளத்தையும் போனில் படம் எடுங்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து உடனே எடுக்கவேண்டும். ஜூம் செய்யாமல் ஒன்று, ஜூம் செய்து ஒன்று. படத்தின் மேல் கோடு போட்டு, எது கிட்ட அடையாளம், எது தூர அடையாளம் என்று பாட்டா சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். பிறகு கரைக்கு வந்து அந்தக் கோபுரத்தின் அடியில் போய் நின்று அதன் அட்ச, தீர்க்கரேகையையும் எடுத்துவிடுங்கள். நாளை கோபுரத்தை இடித்தாலும் கோட்டை மறுபடி போட்டுக்கொள்ளலாம். நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், யாருக்கும் காட்டவேண்டியதில்லை. எழுதும்போது சந்தேகம் வந்தால் கடைக்கு வாங்க. ஞாயிறு பூசை முடிந்த பிறகு திறந்திருக்கும்.